கெடிலத்துக்கு எந்தக் கரை? கடலூரில் ஒரு டியூஷன் சென்டருக்கு இடம் பார்த்த விவரம்

கேட்டு வந்தது ஓர் ஆசிரியத் தம்பதி. கணவர் இயற்பியல், மனைவி வேதியியல். இருவரும் தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு, 2025 ஜூனில் கடலூரில் சொந்தமாக டியூஷன் சென்டர் தொடங்குவதாக இருந்தார்கள். மாநிலப் பாடத்திட்டம் மட்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ. கையிலிருந்த பணம் ஓர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பெஞ்சும் போர்டும் வாங்கினால் தீர்ந்துவிடும். இடம் சரியில்லை என்று ஆறு மாதம் கழித்து மாற்ற வசதி கிடையாது.

நான்கு இடங்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். செம்மண்டலத்தில் புதுக் கட்டடத்தின் முதல் மாடி, வண்டி நிறுத்த இடத்தோடு. மஞ்சக்குப்பத்தில் பள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. நான்கு இடங்களில் இங்கேதான் வாடகை அதிகம். திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், குறுகலான படி ஏறிப் போக வேண்டிய இரண்டாம் மாடி. முதுநகரில் உறவினர் ஒருவரின் காலி வீடு, வாடகை பேருக்குத்தான். மேடத்துக்குச் செம்மண்டலம் பிடித்திருந்தது. "புதுசு புதுசா நகர் வருது சார், வீட்டுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்" என்றார். சாருக்கு முதுநகர் வாடகை மேல் கண். இந்த இழுபறியில்தான், வரைபடத்தில் கணக்குப் போட்டு இடம் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கெடிலம் ஆற்றுக்கு வடகரையில் மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ், பெயர்பெற்ற பழைய பள்ளிகள். தென்கரையில் திருப்பாதிரிப்புலியூர்: பாடலீஸ்வரர் கோயில், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம். இன்னும் தெற்கே துறைமுகத்தை ஒட்டி முதுநகர். வடமேற்கே நெல்லிக்குப்பம் போகும் வழியில் செம்மண்டலம். வடக்கே தென்பெண்ணை, கிழக்கே கடல். 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்கு 45 வார்டு, ஏறக்குறைய 1.73 லட்சம் மக்கள். 2021-ல் மாநகராட்சி ஆனது.

வட்டம் போட்டால் பாதி கடலில் விழும்

மென்பொருள் கியூஜிஐஎஸ். தரவுகளை வரைபடத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்க உதவுவது. இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். அடிப்படை வரைபடம், தன்னார்வலர்கள் வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து. முதலில் செய்ய வேண்டியது, வரைபடத்தின் அளவை முறையை மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுவது. இதைத் தவறவிட்டால் மென்பொருள் தூரத்தை மீட்டரில் கணக்கிடாமல் பாகையில் கணக்கிடும். மூன்று கிலோமீட்டர் என்று நினைத்துப் போட்ட வட்டம் மாநிலம் முழுவதையும் விழுங்கி நிற்கும்.

கடை வைக்க இடம் பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் செய்வது, இடத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவது. சமவெளி ஊருக்கு அது ஓரளவு ஒத்துவரும். கடலூரில் வட்டத்தின் கிழக்குப் பகுதி வங்காள விரிகுடாவில் விழுகிறது. முதுநகரை நடுவில் வைத்தால் கடலோடு உப்பனாறும் கழிமுகமும் சேர்ந்துகொள்கின்றன. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வார்டின் பரப்பில் பாதி வட்டத்துக்குள் வந்தால், அந்த வார்டு மக்களில் பாதிப் பேர் உள்ளே இருப்பதாக மென்பொருள் கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தப் பாதி தண்ணீரா தெருவா என்று அதற்குத் தெரியாது. உப்பனாற்றின் நடுவில் மனிதர்களைக் குடிவைத்துவிட்டு, தெருவில் நெருக்கியடித்து வாழ்பவர்களைக் குறைத்துக் காட்டும்.

இதற்கு மாற்று, கட்டடங்களின் கூரை வடிவங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து கூகுள் எடுத்துத் தரும் ஓபன் பில்டிங்ஸ் தரவில் நம் ஊர்க் கூரைகளும் இருக்கின்றன. வார்டின் மக்கள்தொகையை நிலத்தின் மேல் பரப்பாமல், கூரைகளின் மேல் மட்டும் பகிர்ந்து வைத்தால் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும். அப்படியே விட்டால் தெற்கே சிப்காட் ஷெட்டுகள் பெரிய குடியிருப்பாகத் தெரியும். கூரை பெரிது, ஆனால் உள்ளே தூங்குவது இரவு வாட்ச்மேன் மட்டும். ஆகவே மிகப் பெரிய கூரைகளையும், மாட்டுக்கொட்டகை அளவுச் சின்னக் கூரைகளையும் கழித்துவிட்டோம். பெரிய கூரைகளில் கல்யாண மண்டபங்கள், அரிசி ஆலைகள், கோயில் மண்டபங்களும் போய்விட்டன, அவற்றால் நஷ்டமில்லை.

வார்டு எல்லைதான் நேரத்தைத் தின்றது. மக்கள்தொகைக் கணக்கு அட்டவணையாகக் கிடைக்கிறது. 2011 வார்டுகளின் எல்லைக்கோடு கணினியில் ஏற்றும் வடிவில் எங்கள் கைக்கு வரவில்லை. கிடைத்தது ஒரு பழைய ஜெராக்ஸ், நாலாக மடித்த மடிப்பிலேயே கோடுகள் அழிந்துபோனது. அதை ஸ்கேன் செய்து, ரயில் நிலையம், கெடிலம் பாலத்தின் இரண்டு முனைகள், கலெக்டர் ஆபீஸ் முனை, கோயில் குளத்து மூலை என்று காகிதத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அடையாளம் தெரிந்த புள்ளிகளை ஒன்றோடொன்று பொருத்தி உட்கார வைத்தோம். மடிப்பு விழுந்த பக்கம் கோடு தெரு அகலத்துக்கு விலகியே நின்றது. கோடு எந்தத் தெருவில் போகிறது என்று அந்தப் பகுதிக்காரர்களைக் கேட்டுச் சரிசெய்தோம்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சி வார்டுகள் பின்னால் மறுவரையறை செய்யப்பட்டவை. 2022 பிப்ரவரித் தேர்தலில் ஓட்டுப் போட்ட வார்டும், 2011 கணக்கெடுப்பில் அதே எண்ணோடு இருக்கும் வார்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் இணைத்தால் மென்பொருள் ஒரு பிழையும் காட்டாமல் அழகான வண்ணப் படம் தரும். படம் அழகாக வந்ததாலேயே யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள்

வார்டு அளவில் கணக்கெடுப்பு தரும் வயது விவரம் ஒன்றே ஒன்றுதான்: 0 முதல் 6 வயதுக் குழந்தைகள் எத்தனை பேர். மற்றபடி ஆண், பெண், எழுத்தறிவு, பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, தொழில் செய்வோர். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வார்டு வாரியாகக் கிடைக்காது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய்விட்டதால், 2025-ல் கடை திறப்பவருக்கும் 2011 அட்டவணைதான் கதி.

பழைய கணக்கு என்று இதைத் தூக்கிப் போடுபவர்கள் அதிகம். மழலையர் பள்ளி தொடங்குபவருக்கு அது குப்பைதான். எங்களுக்கு வேறு மாதிரி. அட்டவணையின் அந்த 0–6 பத்தியில் இருப்பவர்கள் 2004 மார்ச் முதல் 2011 பிப்ரவரி வரை பிறந்தவர்கள். 2025 ஜூனில் பிளஸ் டூ போகும் பிள்ளை 2008 நடுவிலிருந்து 2009 நடுவுக்குள் பிறந்திருக்கும். பிளஸ் ஒன் பிள்ளை அதற்கு ஒரு வருஷம் பின்னால். பத்தாம் வகுப்பில் பெரும்பாலோர் அந்தப் பத்தியின் கடைசி வரிசை. அதாவது அன்றைக்கு இடுப்பிலும் தொட்டிலிலும் இருந்தவர்கள்தான் இன்றைக்கு டியூஷனுக்கு வரப் போகிறவர்கள். குடும்பம் வீடு மாறாமல் இருந்தால், பதினான்கு வருஷப் பழைய பத்தி இவர்களுக்கான நேரடிக் கணக்கு.

ஆனால் அந்தப் பத்தியின் ஏழு வயதுகளில் மூன்றுக்கும் குறைவானவையே இப்போது பள்ளியில் மிச்சம். கடைசி வரிசைப் பிள்ளைகளும் 2028 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பத்தியால் இந்தத் தொழிலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பின்னால் பிறந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 1.8. வீட்டுக்காரர் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டால் வாடகையைக் குறைப்பதாகச் சொல்லியும், மூன்று வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

இந்த முறையில் முதல் படம் வந்தபோது முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவப் பகுதிகள் அடர்த்தியாகத் தெரிந்தன. சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். செம்மண்டலம் வெளிறிப் போயிருந்தது. செம்மண்டலம் வெளிறியதற்குக் காரணம் உண்டு: 2011-ல் அந்த நகர்களில் பல, மனைக்கல் நட்ட நிலம். கோண்டூர் மாதிரி ஊராட்சிகளோ நகராட்சி வார்டு அட்டவணையிலேயே வராது. தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். பாதிரிக்குப்பமும் நகராட்சிப் பட்டியலில் இல்லை. ஊர் வளர்வது ஓரத்தில். பழைய கணக்கு பலமாக இருப்பது நடுவில்.

கட்டணம் கட்ட வசதி உள்ள வீடு எது

தலைக்கணக்கு போதாது, கட்டணம் கட்ட முடிகிற வீடா என்று பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்பில் டிவி, சைக்கிள், பைக், கார், கம்ப்யூட்டர், வங்கிக் கணக்கு என்று வார்டு வாரியாக விவரம் இருக்கிறது. வெளிமாநிலப் பயிற்சிப் புத்தகங்களில் டிவி உள்ள வீட்டை நடுத்தர வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 2006-லிருந்து அரசே இலவச கலர் டிவி கொடுத்தது. அந்தப் பத்தியை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. சைக்கிளும் அப்படித்தான், பள்ளியில் கொடுத்தது. இலவச லேப்டாப் 2011 செப்டம்பரில்தான் தொடங்கியதால் கம்ப்யூட்டர் பத்தி மட்டும் கலப்பில்லாமல் தப்பித்தது. அதையும் பைக் பத்தியையும் வைத்து ஒரு படம் போட்டோம். மஞ்சக்குப்பம் கருத்துத் தெரிந்தது. அரசு ஊழியர் குடியிருப்பு எங்கே என்று கடலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். இதற்கு ஒரு சாயங்காலம் செலவழித்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வீடு எங்கே என்பதை விட்டோம்

வேலை திசை மாறியது பஸ் ஸ்டாண்டில். மாலை நாலரை மணிக்கு மஞ்சக்குப்பத்துப் பள்ளிகள் விட்டதும், சீருடைக் கூட்டம் கெடிலம் பாலம் தாண்டித் தெற்கே வருகிறது. கொஞ்சம் பேர் நடந்து, கொஞ்சம் பேர் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு. நெல்லிக்குப்பம் பஸ், குறிஞ்சிப்பாடி பஸ், முதுநகர் பஸ் என்று அங்கிருந்து பிரிகிறார்கள். டைம் கீப்பரிடம் சார் ஒரு கிராமத்துப் பெயரைச் சொல்லி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். "ஆறே காலு வண்டிய விட்டா அடுத்து எட்டரைதான் சார். டியூஷன் வெக்கிறீங்களா? எட்டே காலுக்கு விட்டுருங்க, இல்லன்னா பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்க" என்றார் அவர், நோட்டிலிருந்து தலை நிமிராமலே.

வரைபடத்தில் அதுவரை நாங்கள் தேடியது பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்பதை. டியூஷனுக்கு வேண்டியது, நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவில் அவர்கள் எந்த வழியில் போகிறார்கள் என்பது.

உடனே அடுக்குகளை மாற்றினோம். பள்ளி விவரங்களைத் தொகுக்கும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியான சேர்க்கை இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளைப் புள்ளிகளாக வைத்து, மேல்நிலை வகுப்புச் சேர்க்கைக்கு ஏற்பப் புள்ளியைப் பெரிதாக்கினோம். டவுன் பஸ் வழித்தடங்களைக் கையால் வரைந்தோம். பஸ் நேரம் கணினியில் ஏற்றும் வடிவில் கிடைக்காததால், டைம் கீப்பர் சொன்னதையும் பஸ் ஸ்டாண்டில் எழுதியிருந்ததையும் சேர்த்து ஓர் அட்டவணை. மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்ததிலிருந்து, பெண் பிள்ளைகளைப் பஸ் செலவு தடுப்பதில்லை; நேரம்தான் தடுக்கிறது. அதனால் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல், எட்டே காலுக்குப் புறப்பட்டால் வீடு சேரும் நேரத்தில் அளந்தோம்.

சைக்கிள் எல்லையையும் போட்டோம். ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற சேவையைக் கியூஜிஐஎஸ்ஸில் இணைத்தால், ஓர் இடத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் சைக்கிளில் எட்டக்கூடிய பகுதியை வரைந்து தரும். வட்டம் இல்லை, சாலை போகும் பக்கம் நீண்டும், ஆறும் ரயில் பாதையும் குறுக்கிடும் பக்கம் ஒடுங்கியும் அமீபா மாதிரி ஒரு வடிவம். கெடிலத்தைப் பாலத்தில்தான் தாண்ட முடியும் என்பதால், செம்மண்டலத்து வடிவம் ஆற்றங்கரையில் வெட்டியது போல நின்றது. முதுநகர் வடிவமோ ஒல்லியாக நெடுஞ்சாலையை ஒட்டியே படுத்திருந்தது. வாடகை பேருக்கு என்பதன் காரணம் அதிலேயே தெரிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு பாடம்

செம்மண்டலத்துக்கு ஆதரவாக மேடம் சொன்ன இன்னொரு வாதம்: ஆல்பேட்டை பாலம் தாண்டினால் புதுச்சேரி பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். தூரப்படி உண்மைதான். தென்பெண்ணைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, கன்னியக்கோயில் எல்லாம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதி. மென்பொருள் அந்த எல்லையை வெறும் கோடாகத்தான் பார்க்கிறது. ஆனால் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. மாநிலப் பாடத்திட்டம் மட்டும் நடத்தும் சென்டருக்கு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வாடிக்கையாளர் ஆகாது. வடக்கே அந்தக் கோட்டோடு வரைபடத்தை வெட்டினோம். செம்மண்டலத்தின் மதிப்பெண் அதில் இன்னும் இறங்கியது.

வெள்ளத்தையும் ஓர் அடுக்காக வைத்தோம். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது எங்கெல்லாம் தண்ணீர் நின்றது என்பதை, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களில் பார்க்கலாம், அவையும் இலவசம். குண்டுஉப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு பக்கம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். நான்கு இடங்களில் மூன்றுக்கு இது முடிவை மாற்றவில்லை. முதுநகர் வீடு தரைத்தளம்; அக்கம்பக்கத்தில் கேட்டதில் 2015 மழையில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அதோடு அது பட்டியலிலிருந்து போனது.

போட்டியைக் கணக்கிட ஹஃப் முறையையும் ஓட்டிப் பார்த்தேன். அமெரிக்கரான டேவிட் ஹஃப் 1960-களில் வகுத்தது: ஒரு கடையின் ஈர்ப்பைத் தூரத்தால் வகுத்து, எல்லாக் கடைகளின் கூட்டுத்தொகையில் அதன் பங்கு எவ்வளவோ, வாடிக்கையாளர் அங்கே போகும் வாய்ப்பு அவ்வளவு. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கடையின் சதுர அடியை ஈர்ப்பாக வைப்பார்கள். டியூஷனுக்கு எதை வைப்பது? பேட்ச் எண்ணிக்கையை வைத்தோம், பெஞ்சு எண்ணிக்கையை வைத்தோம். விடை தசம புள்ளி வரை சுத்தமாக வந்தது, நம்பத்தான் முடியவில்லை. நம் ஊரில் நல்ல பேர் எடுத்த ஒரு கணக்கு வாத்தியாருக்காகப் பிள்ளைகள் வழியில் உள்ள சென்டர்களை எல்லாம் தாண்டி சைக்கிள் மிதிப்பார்கள். அந்தப் பேரை எந்த எண்ணாக எழுதுவது என்று எனக்குத் தெரிந்தவரை யாரும் சொல்லவில்லை. அந்தத் தாளை அறிக்கையில் சேர்க்கவில்லை.

இரண்டாம் மாடி

செம்மண்டலமும் பின்தங்கிவிட்டதால், மிச்சம் இருந்தவை மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும். மஞ்சக்குப்பத்தில் பள்ளி பக்கம், வசதியான குடும்பங்களும் பக்கம். ஆனால் வெளியூர்ப் பிள்ளை டியூஷன் முடிந்து எட்டே காலுக்கு மேல் பாலம் தாண்டிப் பஸ் பிடிக்க வேண்டும். எட்டரை வண்டி போய்விடும். திருப்பாதிரிப்புலியூரில் சாயங்காலம் வரும்போதே பாலம் தாண்டியாகிவிடும், போகும்போது நடந்தால் பஸ். காலை ஆறு மணி பேட்ச்சுக்குக் கூத்தப்பாக்கம், பாதிரிக்குப்பம் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். எம்.புதூரில் புதிய பேருந்து நிலையம் கட்டும் திட்டம் மட்டும் உறுத்தலாக இருந்தது. பஸ் ஸ்டாண்ட் இடம் மாறினால் இந்தக் கணக்கு முழுக்க மாறும். மூன்று வருஷ ஒப்பந்தம் என்பதற்கு அது இரண்டாவது காரணம்.

அந்த இரண்டாம் மாடியைத்தான் எடுத்தார்கள். படிக்கட்டில் லைட்டும் கைப்பிடியும் போட்டுத் தர வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்.

சேர்க்கை முடிந்ததும், பிள்ளைகளின் ஊர்ப் பெயரையும் வகுப்பையும் மட்டும் வாங்கி, முகவரி வேண்டாமென்று சொல்லி, வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். பிளஸ் ஒன், பிளஸ் டூ புள்ளிகள் பஸ் வழித்தடங்களை ஒட்டி நெல்லிக்குப்பம் வரைக்கும், முதுநகர் தாண்டியும் கோடு கோடாகப் போயிருந்தன. எதிர்பார்த்ததுதான். பத்தாம் வகுப்புப் புள்ளிகள் அப்படிப் போகவே இல்லை. சென்டரைச் சுற்றிக் கொத்தாக, சைக்கிள் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டன. பதினைந்து வயதுப் பிள்ளையை இருட்டில் பஸ் ஏற்றப் பெற்றோருக்கு மனமில்லை. பதினேழு என்றால் விடுகிறார்கள். ஒரே தொழிலுக்குள் இரண்டு சந்தை இருந்திருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பஸ் ஸ்டாண்ட் முக்கியம், பத்தாம் வகுப்புக்கு வீட்டுப் பக்கம் முக்கியம்.

அப்படிப் பார்த்தால் மேடம் சொன்ன செம்மண்டலம் பத்தாம் வகுப்புக்குச் சரியான யோசனை. அதைச் சோதிக்க 2011 பத்தி உதவாது. இனி பத்தாம் வகுப்புக்கு வருகிறவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. வார்டு விவரம் வெளிவருவதற்குள் வாடகை ஒப்பந்தமே முடிந்தாலும் முடியும். அதனால் செம்மண்டலம், சாவடி, கோண்டூர் பக்கத்துப் பள்ளிகளின் ஏழு, எட்டாம் வகுப்புச் சேர்க்கையை யுடைஸ் பட்டியலில் எடுத்து வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்காமல், அங்கே ஒரு வீட்டு ஹாலில் சனி, ஞாயிறு மட்டும் ஒரு பேட்ச் நடத்திப் பார்க்கலாம் என்று பேச்சு.

எந்த அடுக்கிலும் இல்லாத ஒன்று நடுவில் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தானது. "இந்த வருஷம் டியூஷன் எதுக்கு, பிளஸ் டூல பாத்துக்கலாம்" என்று சில பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். சார் இப்போது பிளஸ் ஒன்னில் சேரும்போதே இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசுகிறார்: மாதக் கட்டணம் கொஞ்சம் குறைவு, நடுவில் நின்றால் கட்டிய பணம் திரும்ப வராது.